காவல் நேரம் இரண்டரை மணி

ஒரே ஒரு சொல்லால வேலை போன ஆளைப் பாத்திருக்கீங்களா தம்பி? பாக்கலைன்னா இப்படித் திரும்புங்க. இதே பஸ் சீட்டுல, உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். பேரு அறவாழி. சேந்தமடை நகராட்சி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துல இயக்குநர். சினிமா இயக்குநர் இல்ல. மோட்டாரை இயக்குறவன். மத்தவங்க ஆபரேட்டர்ம்பாங்க. நான் சொல்ல மாட்டேன்.

நகர வேண்டாம் தம்பி, நகர வேண்டாம். குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். அதுவுமில்லாம ஏழு மாசமா நான் அந்தப் பக்கமே போகல. போக விடல.

உங்களுக்குப் புரியணும்னா முதல்ல தொட்டியைச் சொல்லணும். ஊர்ல பல்லு வெளக்கித் துப்புறது, துணி துவைச்சுக் கொட்டுறது, மத்தது, சொல்ல வேண்டாம், எல்லாம் குழாய் வழியா எங்ககிட்டதான் வரும். வந்ததும் பெரிய வட்டத் தொட்டியில விடுவோம். பன்னெண்டடி ஆழம். அப்படி ரெண்டு தொட்டி. அங்க தண்ணி சும்மா நிக்கணும். அவ்வளவுதான். நின்னாலே கனமானது அடியில போயிடும், எண்ணெய்ப் பிசுக்கு மேல மிதக்கும், தெளிஞ்சது விளிம்பு வழியா வழிஞ்சு அடுத்த கட்டத்துக்குப் போயிடும். எவ்வளவு நேரம் நிக்கணும்? ரெண்டரை மணி. அதுக்குக் குறைஞ்சா அழுக்கு தண்ணியோட தப்பிச்சு ஓடிடும். ரொம்பக் கூடினா அடியில கிடக்கிறது அழுகி, கொப்புளம் விட்டு, மேல வந்து நம்ம மூஞ்சியைப் பாக்கும். ரெண்டரைதான் சரி. தினமும் பதிவேட்டுல எழுதணும். நான் பத்தொம்பது வருஷமா ரெண்டரைன்னு எழுதியிருக்கேன். ஒருநாள் தவறினதில்ல. அளந்தேனான்னு கேக்குறீங்களா? எதுக்கு அளக்கணும்? ரெண்டரைன்னு கட்டினவனே எழுதி வச்சுட்டுப் போயிருக்கானே.

இந்த நேரத்துக்கு இங்கிலீஷ்ல டிடென்ஷன் டைம்னு பேரு.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல ஒரு சுற்றறிக்கை வந்துது. எல்லாப் பதிவேடும் தமிழ்லதான் இருக்கணும்னு. மத்த ஊர்க்காரன் எல்லாம் என்ன பண்ணினான்? இங்கிலீஷை அப்படியே தமிழ் எழுத்துல எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டான். என்னால முடியுமா? என் பேரே அறவாழி. அகராதியை வச்சுக்கிட்டுப் பதினோரு நாள் சாயங்காலம் உக்காந்தேன். டிடென்ஷன்னா என்ன? ஒருத்தரைப் பிடிச்சு வெளிய விடாம வைக்கிறது. தமிழ்ல அதுக்கு அருமையா ஒரு சொல் இருக்கு. காவல். ரெண்டெழுத்துல முடிக்க முடியல, மூணெழுத்துல முடிச்சேன். காவல் நேரம், இரண்டரை மணி.

எங்க உதவிப் பொறியாளர் ஜெயசீலி அம்மா பாத்துட்டு, "அறவாழி, தங்கும் நேரம்னு எழுதிட்டுப் போங்களேன்"ன்னாங்க. சின்னப் பொண்ணு, படிச்ச பொண்ணு, ஆனா தமிழ் தெரியல. நான் சொன்னேன், "அம்மா, தங்குறதுங்கிறது நாமளா விரும்பித் தங்குறது. லாட்ஜுல தங்குறோம். மாமியார் வீட்டுல தங்குறோம். இந்தத் தண்ணி விரும்பியா இருக்கு? சுவரைக் கட்டித் தடுத்துல்ல வச்சிருக்கோம்?" அவங்க தலையில கை வச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. பதில் இருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?

மத்ததையும் மாத்தினேன். தண்ணியில கரையாம தொங்கிக்கிட்டிருக்கிற அழுக்குக்கு சஸ்பெண்டட்னு ஒரு வார்த்தை. அகராதியில பாத்தா இடைநீக்கம்னு இருக்கு. போட்டேன். லிட்டருக்கு நூத்தியெண்பது மில்லிகிராம் வரும். கட்டம் சின்னது, அதனால வெறும் நூத்தியெண்பதுன்னு போட்டேன். தொட்டியில தண்ணி கொந்தளிக்கக் கூடாது. அதுக்குக் கிளர்ச்சி. திடீர்னு சாயப்பட்டறைக்காரன் மொத்தமாத் திறந்துவிட்டா ஷாக் லோடும்பாங்க. அதுக்கு அதிர்ச்சி.

ஆக, ஒருநாள் பதிவேடு எப்படி இருக்கும்? மனப்பாடமாச் சொல்றேன் கேளுங்க. "இடைநீக்கம்: 180. காவல் நேரம்: இரண்டரை மணி. அதிர்ச்சி: இருமுறை. கிளர்ச்சி: இல்லை. மிதந்தவை: அகற்றப்பட்டன."

என்ன சுத்தம் பாத்தீங்களா? ஒரு வடமொழி கிடையாது, ஒரு இங்கிலீஷ் கிடையாது.

எங்க ஊர்ல அருளப்பன்னு ஒருத்தர். கூட்டுறவு பேங்குல ரிட்டயர்டு. மனு அருளப்பன்னாதான் தெரியும். காலையில காபி குடிக்கிற மாதிரி தினம் ஒரு தகவல் கேட்டு மனு போடுவார். எங்க நிலையத்துப் பதிவேடு ஒரு வருஷத்துது வேணும்னு போட்டார். நகல் கொடுத்தாங்க. எனக்குச் சந்தோஷம். முதல் தடவையா ஒரு வாசகர் கிடைச்சிருக்கார்!

அவர் படிச்சிருக்கார். படிச்சிட்டு ரத்தக்கொதிப்பு வந்து ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்திருக்கார். எழுந்து வந்து ஒரு புகார் எழுதினார், மனித உரிமைக்காரங்களுக்கு. நகராட்சியில இடைநீக்கம் செஞ்ச நூத்தியெண்பது பேரை ஒரு தொட்டிக்குள்ள காவல்ல வச்சு, தினம் ரெண்டு தடவை அதிர்ச்சி கொடுத்து, மிதந்தவங்களை அகற்றுறாங்கன்னு. எங்க ஊர் மாலைப் பேப்பர்ல அரைப் பக்கத்துக்குத் தலைப்பு: "180 பேர் எங்கே?"

ஆள் வர ஆரம்பிச்சுட்டாங்க தம்பி. கேட்டுல நின்னுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குறாங்க. கடலை வண்டிக்காரன் வந்து நின்னுட்டான். ஒரு அம்மா, நாலு வருஷம் முன்னாடி கோபிச்சுக்கிட்டுப் போன வீட்டுக்காரரைத் தேடி டிபன் கேரியரோட வந்துட்டாங்க. "உள்ளதான இருக்கார்? சாப்பாடு மட்டும் கொடுத்துடுங்க"ங்கிறாங்க. "இல்லைம்மா, உள்ள இருக்கிறது மனுஷன் இல்ல, அழுக்கு"ன்னேன். "தெரியும். அவரை நானும் அப்படித்தான் திட்டியிருக்கேன்"னாங்க. மூணு நாள் வந்தாங்க. மூணாம் நாள் தவசி அந்தச் சாப்பாட்டை வாங்கிச் சாப்பிட்டுக் கேரியரைக் கழுவிக் கொடுத்தான். அந்தம்மா கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வரல.

தவசி யாருன்னு சொல்லலல்ல. ஒப்பந்தக்காரர் ஆள். மேல மிதக்குற பிசுக்கை நீளக் கழியால தள்ளுவான். தொட்டி அடியில சுத்திக் கசடை வழிக்கிற வாருகோல்ல துணி, முடி எல்லாம் சிக்கி நின்னுபோச்சுன்னா தண்ணியை வடிச்சுட்டு ஏணி வச்சு உள்ள இறங்கி எடுப்பான். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன். வா போன்னுதான் பேசுவேன். அவன் என்னை சார்ம்பான். ஐயான்னு கூப்பிடுன்னு ஒன்பது வருஷமாச் சொல்றேன், வாயில வரல.

அருளப்பன் புகாரை விசாரிக்க ஒரு அம்மா வந்தாங்க. அமிர்தவல்லி அம்மா. ரிட்டயர்டு ஜட்ஜு. எழுபது வயசு இருக்கும், கையில குடை. எழுதுறதுக்கு ரெண்டு பேர் கூட. ஜெயசீலி அம்மா நாற்காலி போட்டாங்க, உக்காரல. நேரா தொட்டி விளிம்புக்கு வந்து எட்டிப் பாத்தாங்க.

"நூத்தியெண்பது பேர் எங்கப்பா?"

"அது ஆள் இல்லைங்கம்மா. ஒரு லிட்டர் தண்ணியில இருக்கிற அழுக்கு."

"மிதந்தவை?"

"எண்ணெய்ப் பிசுக்குங்கம்மா. வாழைப்பழத் தோலும் வரும்."

ஒவ்வொரு சொல்லா விளக்கினேன். ஒரு மணி நேரம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தம்மாவும் கடைசியில சிரிச்சுட்டாங்க. குடையை மடக்கி, எழுதுறவரைப் பாத்து, "சரி, முடிச்சுக்கலாம். மனுஷங்க யாரையும் இங்க உள்ள வைக்கல. அப்படித்தானே?"ன்னாங்க.

"ஒருத்தரையும் இல்லைங்கம்மா. நல்லா எழுதிக்கோங்க."

பின்னால இருந்து ஒரு குரல். "நான் இருந்தேன்மா."

தவசி. கழியை ஊன்றிக்கிட்டு நிக்கிறான். யாராவது அவனைக் கேட்டாங்களா? நீங்களே சொல்லுங்க, யாராவது கேட்டாங்களா?

அந்தம்மா குடையை மறுபடி விரிச்சுட்டாங்க. "எப்போ?"

"ஆடி மாசம்மா. கமிஷனர் மரம் நட வந்த அன்னிக்கு. காலையில டீ குடிச்சிட்டு இறங்கினேன். நான் மேல வர்றப்ப பள்ளிக்கூடம் விட்டுருந்தது."

எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துது. ஒரு சின்ன விஷயம் தம்பி. அதைப் போய்ப் பெருசாக்கிட்டான். என்ன நடந்துதுன்னா, அன்னிக்கு வாருகோல் சிக்கிருச்சு. ஒரு தொட்டியை வடிச்சோம், தவசி இறங்கினான். பத்தரை மணி இருக்கும். நான் விளிம்புலதான் நிக்கிறேன். அப்ப பேனர் கட்டிட்டாங்க. அண்ணாந்து பாக்குறேன், "தூய்மை பணி விழா"ன்னு போட்டிருக்கான். ப் எங்க? தூய்மைப் பணி. நடுவுல ஒரு ப் வரணுமா வேண்டாமா? கமிஷனர் வர்ற நேரம். எங்க நிலையத்துல இருக்கிறதே ஒரு ஏணி. அஞ்சு நிமிஷம்னு எடுத்தேன். ஏறி, கறுப்புப் பெயின்ட்ல ஒரு ப் போட்டேன். தள்ளி நின்னு பாத்தா புள்ளி வைக்கல. மறுபடி ஏறினேன். அதுக்குள்ள தோரணம் கட்டுறவன் ஏணியைக் கேட்டான். அப்புறம் மைக் செட்காரன், ஒலிபெருக்கிக் குழாய் கட்டணும்னு. பதினொரு மணிக்கு வர்றேன்னு சொன்ன கமிஷனர் மூணு மணிக்குத்தான் வந்தார். அதுவரைக்கும் பாட்டு ஓடுது. பாட்டுன்னா காது கிழியுற பாட்டு. ஏணியைத் திரும்ப வைக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் இருந்தேன். மறக்கல. மறந்தேன்னு யாரும் சொல்ல முடியாது. நாலு மணிக்கு வச்சேன்.

மேல வந்தான். குழாயில கழுவினான், ரொம்ப நேரம் கழுவினான். தலை சுத்துதுன்னான். மோர் வாங்கிக் கொடுத்தேன், குடிச்சான். முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன்.

அந்தம்மா பதிவேட்டைக் கொண்டாரச் சொன்னாங்க. அந்தத் தேதியைத் திறந்தாங்க. விரலை வச்சுப் படிச்சாங்க.

"தொட்டி எண் ரெண்டு. காலின்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்கம்மா. வடிச்சுட்டோம்."

"தண்ணி இல்ல."

"இல்லைங்கம்மா."

"காவல் நேரம் இரண்டரை மணின்னு போட்டிருக்கீங்களே. தண்ணியே இல்லைன்னா, யாரைக் காவல் வச்சீங்க?"

பத்தொம்பது வருஷப் பழக்கம், கை தானாப் போட்டிருச்சு. ஜெயசீலி அம்மா என்னைப் பாக்கல, பம்ப் ரூமைப் பாக்குறாங்க.

அந்தம்மா தவசிகிட்டக் கேட்டாங்க, "உம் முழுப்பேர் என்ன? அப்பா பேர்?" எல்லாம் எழுதிக்கிட்டாங்க.

அறிக்கை வந்துது. நூத்தியெண்பது பேர் காவல்: ஆதாரமில்லை. ஒருத்தர் அஞ்சரை மணி நேரம்: மெய்ப்பிக்கப்பட்டது. என்னை இடைநீக்கம் பண்ணிட்டாங்க. ஆணை இங்கிலீஷ்ல வந்துது! தமிழ்ல பதிவேடு எழுதினதுக்கு இங்கிலீஷ்ல ஆணை. வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினேன். தமிழ்ல அனுப்பினாங்க. பதினாலு பிழை. செவப்பு மையில திருத்தி அதையும் அனுப்பினேன். கீழ்ப்படியாமைன்னு ரெண்டாவதா ஒரு குற்றச்சாட்டு சேத்துட்டாங்க. என் வீட்டுக்காரி சொல்றா, "பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டரை மணி நேரம் சும்மா இருந்து பாருங்களேன்"னு.

தவசிக்கும் வேலை போயிருச்சு. அது எப்படின்னு கேளுங்க. இனிமே மனுஷன் யாரும் தொட்டிக்குள்ள இறங்கக் கூடாதுன்னு அறிக்கையில எழுதியிருக்கு. சரி, இறங்க வேண்டாம்னா ஆள் எதுக்குன்னு ஒப்பந்தக்காரர் கேட்டார். அதோட நிக்கல. எங்ககிட்ட அப்படி ஒரு ஆள் வேலையே பாக்கலைன்னு எழுதியும் கொடுத்துட்டார். நானும் வெளிய, அவனும் வெளிய. தண்ணி மட்டும் வந்துக்கிட்டிருக்கு.

ஆறு மாசம் பொறுத்தேன். என் விசாரணைக்குத் தேதி வந்துது. தவசி சொன்னதை வாபஸ் வாங்கிட்டான்னா என் மேல ஒண்ணுமே நிக்காது. அதனால போன மாசம் அவன் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்குப் பின்னால. வாசல்ல உக்காந்து கூலிக்குக் கடலை உரிச்சுக்கிட்டிருந்தான். எழுந்திரிக்கல. முறத்தை மட்டும் நகத்தி இடம் விட்டான்.

"நான் சொன்னது பொய்னு எழுதித் தரணும். அதுக்குத்தான சார் வந்தீங்க?"

"பொய்னு வேண்டாம் தவசி. நினைவுப் பிழைன்னு எழுதலாம். கௌரவமா இருக்கும்."

அவன் கடலையை உரிச்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் சொன்னான், "ஒன்பது வருஷம் சார். காண்ட்ராக்டர் நோட்டுல என் பேர் இல்ல. முனிசிபாலிட்டியில இல்ல. நீங்க தினமும் எழுதுனீங்களே, அதுல என்னைக்காவது தவசின்னு எழுதியிருக்கீங்களா?"

யோசிச்சேன். "ஆள் ஒன்றுன்னு எழுதியிருக்கேன்."

"அந்தம்மா ரிப்போர்ட்ல மட்டும்தான் சார் இருக்கு. தவசி, தகப்பன் பேர் சங்கன்னு. நான் அங்க வேலை பாத்ததுக்கு அந்த ஒரு பேப்பர்தான். அதையும் இல்லைன்னு எழுதிக் கொடுத்தா, நான் அங்க இருந்ததே இல்லைன்னு ஆயிரும்."

எனக்குக் கோபம்தான் வந்துது. நான் என் வேலையைப் பத்திப் பேச வந்தா இவன் இவனைப் பத்திப் பேசுறான். எழுந்துட்டேன். செருப்பை மாட்டுறேன், அப்ப சொன்னான், "லேபர் ஆபீஸ்ல கேட்டாங்க சார். அங்க வேலை பாத்தவங்க யாராவது, இவன் என்கூட வேலை பாத்தான்னு எழுதித் தருவாங்களான்னு. எனக்கு யாரு எழுதுவா? எழுதினாலும் உங்களை மாதிரி தமிழ் யாருக்கு வரும்?"

தம்பி, பத்தொம்பது வருஷத்துல ஒரு அதிகாரி என்கிட்ட இதைச் சொன்னதில்ல. செருப்பைக் கழட்டிட்டு உக்காந்துட்டேன்.

மூணு பக்கம் எழுதினேன். எந்த வருஷம் வந்தான், என்னென்ன வேலை, எத்தனை தடவை இறங்கினான். எண்ணிப் பாத்தா நாப்பத்தேழு தடவை. நானே அன்னிக்குத்தான் எண்ணினேன். ஆடி மாசத்துக்கு வந்தேன். அதை விட்டுட்டு எழுதினா கடிதம் நடுவுல ஓட்டையா நிக்குது, படிச்சாலே தெரியுது. சரின்னு ஏணியை எடுத்ததையும் எழுதினேன். அப்புறம் அவன்கிட்டக் கேட்டேன், "அஞ்சரை மணி நேரம் உள்ள என்ன பண்ணினே?"

"கத்தினேன் சார்."

"என்னன்னு?"

"உங்க பேரைத்தான். சார் சார்னு கத்தினேன், அப்புறம் அறவாழின்னே கத்தினேன். மைக் செட்டுல கேக்கலை. தலை கிறங்கிருச்சு. தூங்கிட்டா எந்திரிக்க மாட்டேன்னு தெரியும். அதனால என் பேரை நானே கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். தவசி, தவசின்னு."

நான் அதை, "தன் பெயரைத் தானே அழைத்துக்கொண்டிருந்தார்"னு எழுதினேன். அவன் எழுத்துக்கூட்டிப் படிச்சான். எட்டாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கான். என் பேனாவை வாங்கி, அழைத்துங்கிறதை அடிச்சுட்டு, மேல கத்தின்னு எழுதினான். "கத்திக்கொண்டிருந்தார்." இலக்கணப்படி சரியாத்தான் இருக்கு. விட்டுட்டேன்.

இன்னிக்குத்தான் என் விசாரணை. அதே வளாகத்துலதான் லேபர் ஆபீஸும். தவசி முதல்ல கடிதத்தை அங்க கொடுத்துட்டு வந்தான். வாங்கிக்கிட்டு எண் போட்டுக் கொடுத்துட்டாங்க. நான் இந்தப் பக்கம் போனேன். அதிகாரி, "வேற ஏதாவது ஆவணம் இருக்கா?"ன்னார். என்கிட்ட நகல் ஒண்ணு இருந்துது. பதினாலு பிழை விட்ட ஆபீஸுக்கு ஒரு கடிதம்னா எப்படி இருக்கணும்னு காட்ட வேண்டாமா? நீட்டினேன்.

படிச்சார். மூணாவது பக்கத்துல ஒரு இடத்துல நின்னுட்டார். கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சார்.

"அறவாழி, இதை நான் வாங்கிக்கிட்டா உங்க வேலை போயிடும். புரியுதா? எடுத்துட்டுப் போயிடுங்க."

"இதுல பிழை ஏதாவது இருக்குங்களாய்யா?"

கண்ணாடியை மாட்டிக்கிட்டு மறுபடி பாத்தார். "இல்ல."

"அப்ப ஏன் எடுத்துட்டுப் போகணும்?"

முத்திரை குத்தி வாங்கி வச்சுக்கிட்டார். ஆணை தபால்ல வரும்னார். என்ன வரும்னு தெரிஞ்சதுதான்.

தவசியா? இதே பஸ்லதான் வர்றான். அதோ, கடைசி சீட்டுல, கம்பியில தலையைச் சாச்சுக்கிட்டு. நான் முன்னால ஏறினேன், அவன் பின்னால ஏறினான். ஏன்னு கேக்காதீங்க, அப்படியே பழக்கம்.

சேந்தமடை விலக்கு வந்துருச்சு. இப்படிக் கொஞ்சம் வழி விடுங்க தம்பி. தவசி! இறங்கணும்! தூங்குறான் பாருங்க. தவசி! இந்த டிரைவர் வேற பாட்டைப் போட்டு அலறவிட்டிருக்கார். ஐயா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைங்க, அவனுக்குக் கேக்கல! தவசி! தவசி! கண்டக்டர், விசில் அடிச்சுடாதீங்க. இருங்க. இன்னொரு ஆள் இறங்கணும்.